பேரீச்சம்பழத்துக்குப் போன பொக்கிஷங்கள்

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவிக்கொண்டு தள்ளுவண்டி தெருவில் வருமே, அந்தக் குரல் நம்மில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மறந்திருக்காது. அந்த வண்டியில் ஏறிப் போனவை வீட்டுப் பாத்திரங்கள் மட்டுமல்ல. நம் கடைகளில் அப்பனும் பாட்டனும் கைபட்டுத் தேய்த்த தராசுகள், வீசைக் கற்கள், பித்தளைப் படிகள், காப்பிக்கொட்டை அரைக்கும் கைச்சக்கர மெஷின்கள், கணக்கு மெஷின்கள் என்று தொழில் கருவிகளில் பாதி அந்த வழியாகவே போய்ச் சேர்ந்தன. எடைக்கு எடை போட்டார்கள், காசோ பழமோ கொடுத்தார்கள், கணக்கு முடிந்தது.

இன்று அதே பொருள்களைத் தேடி வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வந்து, கீழமாசி வீதியிலும் கீழமாரட் வீதியிலும் பழைய கடைகளின் பின்கட்டை எட்டிப் பார்க்கிறார்கள். சிலர் ஓட்டல் அலங்காரத்துக்கு வாங்குகிறார்கள்; சிலர் சேகரிப்புக்கு. எதை வாங்குகிறோம் என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. எதை விற்கிறோம் என்பது விற்கிற நமக்குத் தெரியவில்லை. வியாபாரத்தில் இதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை. ஆகவேதான் இக்கட்டுரை.

எவையெல்லாம் மதிப்புள்ளவை?

முதலில் தராசு. மதுரை மொத்தக் கடைகளில் உத்தரத்தில் தொங்கிய பெருந்தராசுகளும், மூட்டை ஏற்றும் மேடைத் தராசுகளும், மேசைத் தராசுகளும் பல கம்பெனிகளின் தயாரிப்பு. அவற்றுள் ஏவரி என்ற பெயர் எல்லாருக்கும் தெரியும். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த அந்தக் கம்பெனி 1895ல் சோஹோ வார்ப்படச் சாலையை வாங்கியது. நீராவி எஞ்ஜினைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட்டும் அவர் கூட்டாளி போல்ட்டனும் நிறுவிய சாலை அது. உங்கள் கடையின் பின்கட்டில் தூசி படிந்து நிற்கும் தராசின் தகட்டில் அந்தப் பெயர் இருந்தால், அதன் பின்னால் அவ்வளவு சரித்திரம் இருக்கிறது.

அடுத்து எடைக்கற்களும் படிகளும். இன்றைய பிள்ளைகளுக்கு வீசை என்றால் விளங்காது. 40 பலம் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. வீசை ஏறத்தாழ 1.4 கிலோ, மணங்கு ஏறத்தாழ 11.3 கிலோ. முகத்தல் அளவையில் 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். 1956ல் எடை அளவைச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரலில் நயாபைசா வந்தது. 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகக் கிலோ வந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் பழைய கற்களைக் கடையில் வைத்து நிறுப்பதே குற்றம் என்றாயிற்று. ஊர் ஊராக மூட்டை மூட்டையாக அவை வார்ப்படப் பட்டறைக்குப் போனதற்குக் காரணம் இதுதான். ஒரு வரிசை குறையாமல் இருக்கும் வீசைக் கற்கள் இன்று அரிதாகிவிட்டன.

மூன்றாவது, அலுவலக மெஷின்கள். கல்குலேட்டர் வருமுன் மில்களிலும் பாங்குகளிலும் கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போட்ட மெஷின்களில் ஸ்வீடன் நாட்டு ஃபாசிட் பெயர் பெற்றது. எலெக்ட்ரானிக் கல்குலேட்டர் வந்த சில வருஷங்களிலேயே அந்தப் பெரிய கம்பெனி ஆட்டம் கண்டு, 1973ல் எலெக்ட்ரோலக்ஸ் கைக்குப் போய்விட்டது. தொழிலில் காலமாற்றம் எவ்வளவு வேகமாக வரும் என்பதற்கு அதுவே சாட்சி. தட்டச்சு மெஷின்களில் கோத்ரெஜ் 1955ல் நம் நாட்டிலேயே தயாரித்து வெளியிட்டது. 2009ல் தயாரிப்பை நிறுத்தியது. ஆங்கில மெஷின்கள் இன்னும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆகவே விலையும் குறைவு. தமிழ் எழுத்து மெஷின் அப்படியல்ல. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழுக்கு விசைப்பலகை அமைத்துக் கொடுத்த காலத்தை ஒட்டிய பழைய மெஷின் ஒன்று கிடைத்தால் அதைக் கைவிடலாகாது.

நான்காவது, நம் சுற்றுவட்டார வயல்களில் ஓடிய ஆயில் எஞ்ஜின்கள். மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் கிணற்று மேட்டில் "டுப்... டுப்..." என்று ஓடிய எஞ்ஜின்களில் லிஸ்டர் வகை புகழ் பெற்றது. நிமிடத்துக்கு 600, 650 சுற்றுதான் சுற்றும். அதனால்தான் அத்தனை ஆயுள். இங்கிலாந்தில் அதன் தயாரிப்பு 1987ல் நின்றுவிட்டது. ஆனால் அதே அமைப்பில் குஜராத்தின் ராஜ்கோட்டில் பட்டறைகள் செய்துகொண்டே இருந்தன. அமெரிக்காவில் உள்ள எஞ்ஜின் பிரியர்கள் அவற்றை வரவழைத்து வாங்கினார்கள். நம் ஊரில் கரண்ட் மோட்டார் வந்ததும் கிணற்றுக்குள் தள்ளிவிடாத குறையாக ஒதுக்கிய பொருளை, கடல் தாண்டி ஒருவன் கப்பல் கூலி கொடுத்து வாங்கினான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

முன்னூறு ரூபாய் மோட்டார் சைக்கிள்

பழைய மெஷின் வாங்குவது வீண் செலவு என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். கோவையின் ஜி.டி. நாயுடு இளைஞராக இருந்தபோது, ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதன்மேல் ஆசை வைத்து, ஊரைவிட்டுக் கோவைக்கு வந்து, ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதே வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார் என்பது எல்லாரும் அறிந்த வரலாறு. வாங்கியவர் ஓட்டித் திரிந்ததோடு நிற்கவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்துத் திரும்ப மாட்டினார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். அதன்பின் அவர் எட்டிய உயரம் நாடறியும். அவர் குடும்பத்தார் 2015ல் கோவையில் பழைய கார்களுக்கென்றே ஒரு காட்சிசாலை திறந்தார்கள்.

அந்த வண்டியில் அவர் கண்ட லாபம் விலை குறைவு அல்ல. 300 ரூபாய் அந்நாளில் சாதாரணத் தொகையும் அல்ல. அந்தப் பொருளால் தனக்கு என்ன ஆகும் என்று தெரிந்து வாங்கினார். நல்ல பேரம் என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் நமக்குத் தெரியவில்லை.

கைநழுவிய சந்தர்ப்பங்கள்

நம் மதுரையையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, பஸ்களைக் கரிவாயுவில் ஓட்டும் கருவியை டி.வி.எஸ். நிறுவனம் தயாரித்துக் கொடுத்தது. பஸ்ஸோடு ஓர் அடுப்பும் போகும்; புறப்படுமுன் அதில் கரியைப் போட்டுத் தீ மூட்ட வேண்டும். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாக வந்ததும் அவற்றைக் கழற்றிப் போட்டார்கள். அப்போது ஒருவர் ஒன்றே ஒன்றை ஓரமாக வைத்திருந்தால், இன்று அதைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.

இப்படிக் கைநழுவுவதற்குக் காரணங்கள் நாலைந்துதான். நாற்பது வருஷ வியாபாரத்தில் நாம் கண்ணால் கண்டவற்றைச் சொல்கிறோம்.

ஒன்று, பாகப்பிரிவினை. நமக்குத் தெரிந்த ஒரு பலசரக்குக் குடும்பத்தில் அண்ணன் தம்பி பிரிந்தபோது, தாத்தா காலத்துப் பெருந்தராசின் சட்டம் அண்ணனுக்கும், செம்புத் தட்டுகள் இரண்டும் தம்பிக்கும் போயின. கல் வரிசை யாருக்கு என்று பேசாமலே விட்டார்கள். சட்டம் இரும்பு விலைக்குப் போனது, தட்டு செம்பு விலைக்குப் போனது. சேர்ந்திருந்தால் அது ஒரு தராசு. பிரித்ததும் வெறும் உலோகம்.

இரண்டு, "அடுத்த வாரம் பார்க்கலாம்." வாங்க வந்தவர் ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கேட்பார், விற்பவர் ஐந்நூறு ஏற்றிக் கேட்பார், இருவரும் டீ குடித்துப் பிரிவார்கள். மறு வாரம் கடையை இடிக்க ஆள் வந்திருப்பான்; மெஷின் லாரியில் ஏறியிருக்கும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது இந்தத் தொழிலுக்கென்றே சொன்ன பழமொழி.

மூன்று, சொல்லாமல் போவது. பெரியவருக்கு அதன் அருமை தெரியும். மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பான். பெரியவர் கண்ணை மூடியபின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கடையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு மகன் ரயிலேறுவான். அவன்மேல் குற்றமில்லை. சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை.

நான்கு, அழகு படுத்துகிறேன் என்று கெடுப்பது. பழைய பெயின்டைச் சுரண்டி எடுத்து, அலுமினியப் பெயின்ட் அடித்து, பெயர்த் தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எழுத்தே தெரியாமல் ஆக்கிவிட்டு, "பளபளவென்று இருக்கிறது, விலை ஏறும்" என்பார்கள். ஏறாது, பாதியாக இறங்கும். சேகரிப்பவர் தேடுவது பழமையை. பளபளப்பு வேண்டுமானால் புதிதாக வாங்கிக்கொள்ள மாட்டாரா?

எங்கே தேடுவது?

மதுரையில் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஸ்பேனர் முதல் மோட்டார் வரை தரையில் விரித்து விற்ற இடம். அங்கே மெஷின் வாங்கிப் பழகியவர்கள் விடியற்காலையில் போய்விடுவார்கள். பத்து மணிக்கு மேல் போனால் மிச்சம்தான் கிடைக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழம்பொருள்கள் கிடைக்கும். ஆனால் அங்கே விற்பவர்களுக்கு விலை தெரியும். மலிவு எதிர்பார்க்க வேண்டாம்.

உண்மையான மலிவு கிடைப்பது மூன்று இடங்களில். இடிபடப் போகும் கடைகள், மூடப்படும் ரைஸ் மில்களும் எண்ணெய்ச் செக்குகளும், காயலான் கடைகள். இதில் நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு ஒரு வசதி உண்டு. சரக்கு எடுக்கவும் பாக்கி வசூலிக்கவும் ஊர் ஊராகப் போகிறவர்கள் நாம். எந்த ஊரில் எந்தக் கடை மூடப் போகிறது என்பது பத்திரிகைக்கு வருமுன் நமக்குத் தெரியும். காயலான் கடைக்காரரிடம் இரும்பு விலைக்கு மேல் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடத் தருவதாகச் சொல்லி வைத்தால், தராசோ மெஷினோ வந்தால் உடைக்குமுன் அவரே ஆள் அனுப்புவார்.

பார்க்கும் விதம், பேசும் விதம்

பொருளைக் கண்டதும் முதலில் தகட்டைப் பாருங்கள். கம்பெனிப் பெயர், எண், ஊர் மூன்றும் வேண்டும். சிங்கர் தையல் மெஷின் என்றால் அடிப்பகுதியில் உள்ள எண்ணை வைத்தே அது பிறந்த வருஷத்தைக் கண்டுபிடிக்கலாம். எஃப், ஒய் எழுத்துகளோடு தொடங்கும் எண்கள் ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் தொழிற்சாலையைச் சேர்ந்தவை. அந்தத் தொழிற்சாலை 1980ல் மூடப்பட்டது. தராசிலும் கல்லிலும் அரசு முத்திரையைப் பாருங்கள். காலாண்டைக் குறிக்கும் ஏ, பி, சி, டி எழுத்துகளில் ஒன்றும், வருஷத்தின் கடைசி இரண்டு எண்களும் குத்தியிருக்கும். கடைசியாக எந்த வருஷம் அது வியாபாரத்தில் இருந்தது என்பதற்கு அதைவிட நம்பகமான சாட்சி கிடையாது.

அடுத்தது, முழுமை. கைப்பிடி இருக்கிறதா, கல் வரிசை குறையாமல் இருக்கிறதா, மேடைத் தராசின் தொங்கு கல் அதனுடையதா, மெஷினின் மூடி எங்கே என்று கேளுங்கள். ஸ்பாங் காப்பி மெஷினில் கைப்பிடி இல்லாவிட்டால் வேறு கைப்பிடி போடலாம். வார்ப்பில் விரிசல் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய வார்ப்பிரும்பை வெல்டிங் வைத்து ஒட்டினால் பக்கத்தில் இன்னொரு விரிசல் விடும். இறுகிப்போன மெஷினைச் சுத்தியல் கொண்டு தட்டாதீர்கள். மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் விட்டு ஒரு வாரம் பொறுத்திருங்கள். பதறாத காரியம் சிதறாது.

விலைக்கு நம் கணக்கு இதுதான். முதலில் இரும்பு விலையைப் போடுங்கள். அதுதான் அடிமட்டம், அதற்குக் கீழே எந்தப் பொருளும் இறங்காது. உதாரணமாக ஒரு மேடைத் தராசு 80 கிலோ, பழைய இரும்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,400 ரூபாய். அதன்மேல் வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, பட்டறைக் கூலி மூன்றையும் சேருங்கள். 3,000 ரூபாய்க்கு வாங்கிய பொருளுக்கு 4,000 ரூபாய் பட்டறைக் கூலி ஆனால், அது 7,000 ரூபாய்ப் பொருள். பலர் வாங்கிய விலையை மட்டும் சொல்லி மகிழ்கிறார்கள். மற்றதைக் கணக்கில் எழுதுவதில்லை. கடையில் அப்படிக் கணக்கெழுதினால் தீபாவளிக்குள் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். வைக்க இடம் இருக்கிறதா என்பதையும் வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வீட்டம்மா கேட்பார்.

போலிகளும் புரளிகளும்

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. பித்தளைக் குழாய் வைத்த "பழைய" கிராமபோன்கள் வடக்கே புதிதாகச் செய்யப்பட்டுக் கப்பல் கப்பலாக விற்கப்பட்டன. பெட்டி புது மரம், குழாய் புதுப் பித்தளை, உள்ளே எங்கிருந்தோ எடுத்த மோட்டார், மேலே நாய்ப்படம். பெட்டியின் அடிப்பலகையைத் திருப்பிப் பார்த்தாலே வயது தெரிந்துவிடும்.

இதைவிட ஆபத்து புரளி. 2009ல் சவூதி அரேபியாவில், பழைய சிங்கர் மெஷினில் "சிவப்பு பாதரசம்" இருக்கிறது, கைப்பேசியை ஊசியருகே கொண்டுபோனால் இணைப்பு அறுந்தால் அதுதான் அடையாளம் என்று ஒரு வதந்தி கிளம்பியது. சில நூறு ரியால் கூடப் பெறாத மெஷினுக்கு ஆயிரக்கணக்கில், ஏன், லட்சக்கணக்கிலும் விலை பேசினார்கள். அத்தனையும் பொய். நம் தமிழ்நாட்டிலும் "ரைஸ் புல்லர்" கலசம், இரிடியம் என்று சொல்லிப் படித்தவர்களையே ஏமாற்றிய வழக்குகள் எத்தனை! பழைய மெஷினுக்குள் புதையல் இருப்பதாக ஒருவர் காதோடு காதாகச் சொன்னால், எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சட்டத்தையும் மறக்கலாகாது. பழைய வீசைக் கல்லும் படியும் முத்திரை இல்லாத தராசும் காட்சிப் பொருளாக இருக்கலாமே தவிர, 2009ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி வியாபாரத்தில் புழங்கக் கூடாது. ஆகவே அவற்றை விற்பனை மேசைக்கு அருகில் வைக்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்து, "காட்சிக்கு மட்டும்" என்று எழுதி வையுங்கள். நூறு வருஷம் கடந்த பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரக்கூடும். அதை வெளிநாட்டுக்கு அனுப்பப் பேரம் பேசுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். இதையே தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் ஜி.எஸ்.டி.யில் பழைய பொருளுக்கு லாபத் தொகையின் மீது மட்டும் வரி கட்டும் முறை இருப்பதை ஆடிட்டரிடம் கேட்டறியலாம்.

மலிவும் நியாயமும்

இனிச் சொல்வதுதான் முக்கியம். தெரிந்தவன் தெரியாதவனிடம் வாங்கும்போது எவ்வளவு வரை மலிவு நியாயம்? வணிகன் மலிவாக வாங்குவது குற்றமல்ல. அதுதான் அவன் தொழில். ஆனால் கணவனை இழந்த ஓர் அம்மாள் வீட்டுச் செலவுக்காகக் கடைச் சாமான்களை விற்கும்போது, எடை மெஷினில் ஏற்றி இரும்பு விலை போட்டு எடுத்து வருவதை வியாபாரம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

திருமங்கலம் பக்கம் இப்படி ஒரு வீட்டில் பெரிய கைச்சக்கரக் காப்பி மெஷின் இருந்தது. நம் நண்பரான வியாபாரி ஒருவர் பார்க்கப் போனார். அந்த அம்மாள், "இரும்பு விலை போட்டு எடுத்துக்கோங்கண்ணே, இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது" என்றார். நண்பர், "ஆத்தா, இது இரும்பு இல்லே. வெளியிலே இதுக்கு நாலு மடங்கு தருவாங்க. நான் மூணு மடங்கு தர்றேன், எனக்கும் கொஞ்சம் மிஞ்சணும்" என்று உள்ளதைச் சொன்னார். அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய், துணியில் சுற்றி வைத்திருந்த மெஷினின் மாற்று அரைத்தட்டுகளைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். அவை இல்லாமல் அந்த மெஷினுக்குப் பாதி மதிப்புதான். இரும்பு விலைக்கு வாங்கியிருந்தால் அந்தத் துணிமுடிச்சு வெளியே வந்தே இருக்காது. அதன்பின் அந்தத் தெருவில் எந்த வீட்டில் பழைய சாமான் விற்றாலும் முதல் தகவல் அவருக்குத்தான் வருகிறது.

நாணயமாகப் பேசியதால் அவருக்குப் பொருளும் முழுமையாகக் கிடைத்தது, வாடிக்கையும் கிடைத்தது. பலசரக்கில் நமக்குத் தெரிந்த அதே பாடம்தான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். நம் கடை மெஷின்களும் அப்படித்தான். இறந்த பிறகு அதன் பொன்னை யார் எடுத்துக்கொள்வது என்பதே கேள்வி. பெரிய கடைகளும் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஆன்லைன் வியாபாரமும் வந்தபின், நம் வீதிகளில் பல கடைகள் அடுத்த தலைமுறைக்குப் போகாமலே மூடப்படுகின்றன. கடை போகலாம்; அது நியாயமாக நிறுத்துக் கொடுத்த தராசும் போக வேண்டுமா?

உறுப்பினர்களுக்கு மூன்று வேலை சொல்கிறோம். முதலாவது, இந்த வாரமே பின்கட்டையும் பரணையும் திறந்து பார்த்து, பழைய கருவி எது இருந்தாலும் தகடு தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டாவது, அது யார் வாங்கியது, எந்த வருஷம், எதற்குப் பயன்பட்டது என்று ஒரு சீட்டில் எழுதி அதனுடன் கட்டித் தொங்கவிடுங்கள்; வீட்டுப் பிள்ளைகளிடம் வாயாலும் சொல்லி வையுங்கள். மூன்றாவது, விற்பதென்று முடிவு செய்தால் காயலான் கடைக்கு அனுப்புமுன் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாங்குகிற உறுப்பினர் ஒருவர் இருக்கக்கூடும்.

சங்க நிர்வாகிகள் கட்டிடத்தில் ஓர் அறையை ஒதுக்கி, ஒவ்வொரு வீதியிலிருந்தும் ஒரு தராசு, ஒரு கல் வரிசை, ஒரு படி என்று வைத்தால் போதும். வீசையும் மணங்கும் புழங்கிய காலத்தில் நம் முன்னோர் எப்படி வியாபாரம் செய்தார்கள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள். எங்கள் கடையில் கிலோவுக்கு முந்திய காலத்துப் பெருந்தராசு ஒன்று, சட்டம், தட்டு, சங்கிலி, வீசைக் கல் எல்லாம் குறையாமல் இருக்கிறது. அறை தயாரானதும் முதல் பொருளாக அதைத் தருகிறோம். இரண்டாவதைத் தருபவர் யார் என்பதை அடுத்த இதழில் படிக்க ஆவலாயிருக்கிறோம்.